பனையடியிலிருந்து களத்திற்கு: சாக்ஷி மாலிக்கின் மற்போர் வாழ்க்கை

புறநானூற்றை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர்கள் போரவைக் கோப்பெருநற்கிள்ளியை நன்கறிவர். முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்ற சோழன் அவன். அவ்வெற்றியைச் சாத்தந்தையார் பாடினார். அவன்பால் காதல் கொண்ட நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவரும் பாடினார். வென்றான் என்று ஒருசாரார் கூற, இல்லை என்று மறுசாரார் மறுக்க, சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று பனையடியிலே நின்று, அவன் வென்றதைத் தன் கண்களாலேயே கண்டதாக அவர் சொல்லும் பாட்டு மாணவர்க்கு என்றும் இனிப்பது. பல்லவன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பெயர். அவன் பெயரால் ஒரு கடற்கரைப் பட்டினமே விளங்குகிறது. இத்துணைப் பழமையும் பெருமையும் உடைய மற்கலையில் பெண்ணுக்கு நம் இலக்கியம் அளித்த இடம் அந்தப் பனையடிதான். அவள் பார்க்கலாம், பாடலாம், களத்தில் இறங்குதல் ஆகாது.

அந்தப் பனையடியை விட்டு அகன்று களத்தில் இறங்கிய ஒரு பெண்ணைப் பற்றியது இக்கட்டுரை. அவர் தமிழர் அல்லர். வட இந்தியாவின் அரியானா மாநிலத்தவர். பேராக் மாநிலத்துத் தமிழாசிரியர்களுக்கு அவரால் ஆவது என்ன என்று கேட்போர் உளராயின், ரப்பர்த் தோட்டங்களை நினைத்துப் பார்க்குமாறு வேண்டுவேன்.

எங்கள் தோட்டத்து முதியவர்கள் கிங் காங், தாரா சிங் ஆகியோரின் மற்போர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரவு நீண்டுவிடும். தாரா சிங் 1947-இல் சிங்கப்பூர் வந்தவர். மலாயாவின் பல ஊர்களிலும் அவர் புகழ் பரவியிருந்தது. அவர்தம் தோள்வலிமையைத் திண்ணைதோறும் வியந்த அதே லயங்களில், விடியுமுன் எழுந்து உலை வைத்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, நிரை முழுதும் மரம் வெட்டி, நிறைந்த பால்வாளிகளைக் காண்டாவின் இருபுறமும் தொங்கவிட்டு மேடும் பள்ளமும் நடந்த தாய்மார்கள் இருந்தார்கள். அதனை யாரும் வலிமை என்று கூறக் கேட்டதில்லை. வேலை என்றே கூறினார்கள். பள்ளி விளையாட்டு விழா வந்தால் அவர்தம் மகள்மாருக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் போட்டி இருக்கும். மலேசியாவின் ஆண்டுச் சிறந்த விளையாட்டாளர் விருது 1966-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, ஆண்களில் கோலகங்சாரில் பிறந்த மு. ஜெகதீசனும் பெண்களில் மா. இராஜமணியும் அதனைப் பெற்றனர். இராஜமணி அவ்வாண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். இருவரும் தமிழர். அப்படிப்பட்ட முன்மாதிரி கண்முன் இருந்தும் எலுமிச்சம்பழம் கரண்டியை விட்டு நெடுங்காலம் இறங்கவில்லை.

இந்திய நாட்டிலும் நிலைமை மேலானதாக இல்லை. 1954-இல் ஹமீதா பானு என்னும் பெண், பரோடாவில் பாபா பயில்வானை ஒரு நிமிடம் 34 விநாடிகளில் வீழ்த்தினார் என்று அக்கால ஏடுகள் எழுதின. ஆயினும் அவரை ஒரு வேடிக்கைப் பொருளாகவே பலர் கண்டனர். அவருக்குப்பின் நெடிய இடைவெளி. 1970-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற சாந்த்கி ராம் தம் சொந்த மகள்மாருக்கே மற்போர் கற்பிக்க முற்பட்டபோதுதான் அவ்விடைவெளி முடிவுக்கு வந்தது. அவருடைய மாணாக்கருள் ஒருவர் மகாவீர் சிங் போகாட். 'தங்கல்' என்னும் இந்தித் திரைப்படத்தால் இன்று உலகறிந்தவர். அவர் மகள் கீதா 2010-இல் தில்லி காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றார். 2012-இல் ஒலிம்பிக் மற்போருக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

சாக்ஷி மாலிக் 1992-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் ரோத்தக் மாவட்டத்து மோக்ரா சிற்றூரில் பிறந்தார். தந்தை சுக்பீர், தில்லிப் போக்குவரத்துக் கழகப் பேருந்தில் நடத்துநர். தாய் சுதேஷ், அங்கன்வாடியில் பணியாற்றியவர். பாட்டனார் பத்லு ராம் மற்போர் பயின்றவர். அவர் தெருவில் நடந்தால் ஊரார் பயில்வான் என்று மதிப்போடு அழைப்பர். குழந்தைப் பருவத்தில் அவ்வீட்டில் வளர்ந்த சாக்ஷிக்கு அந்த மதிப்பின்மீது ஆசை பிறந்ததாம். அரியானாவில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆயிரம் ஆண்களுக்கு 879 பெண்களே இருந்தனர். ஆறு வயதுக்குட்பட்டோரில் 834 மட்டுமே. பெண்மகவு பிறப்பதையே விரும்பாத மண்ணில் ஒரு பெண்மகள் பயில்வான் ஆக விரும்பினாள்.

பன்னிரண்டு வயதில் ரோத்தக் நகரின் சோட்டு ராம் அரங்கில், ஈசுவர் தஹியா என்னும் பயிற்றுநரிடம் அவர் சேர்ந்தார். சிறுமியரைப் பயிற்சிக் களத்தில் சேர்த்ததற்காக அப்பயிற்றுநர் ஊராரின் எதிர்ப்பைத் தாங்க வேண்டியிருந்தது. ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகள் உருண்டு புரள்வதா என்பதே அவர்கள் கேள்வி. தொடக்கத்தில் பெண்கள் சிலரே; எனவே பையன்களோடுதான் பயிற்சி. அம்மனிதர் அன்று எதிர்ப்புக்கு அஞ்சிக் களத்தின் கதவைச் சாத்தியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. மாணாக்கரின் பெயர் வரலாற்றில் ஏறும்போது ஆசிரியர் பெயர் அடிக்குறிப்பில் நின்றுவிடுவது வழக்கமாதலின், இதனைச் சற்று அழுத்தமாகவே கூறுகிறேன்.

இங்கே, ஆசிரியராகிய நாம் படிக்க விரும்பாத பக்கம் ஒன்றும் உண்டு. 2024-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், பள்ளிப் பருவத்தில் தனிப்பாடம் கற்பித்த ஓர் ஆசிரியர் தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டதைச் சாக்ஷி எழுதியுள்ளார். அது தம் குற்றமே என்று கருதி, வீட்டாரிடமும் சொல்ல இயலாமல் அச்சிறுமி நெடுநாள் வாய்மூடி இருந்தார். ஆடவரைத் தூக்கி எறியும் வலிமை பெற்று வந்த குழந்தைக்கு இதைச் சொல்லும் வலிமை இல்லை. முப்பது ஆண்டுகளாகப் பள்ளியில் பணியாற்றும் எனக்கு, அவர் வாழ்க்கையில் வேறெப்பகுதியையும் விட இப்பகுதியே உறக்கத்தைக் கெடுத்தது. நம் வகுப்பறைகளில் பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை அடக்கமான பிள்ளைகள் என்று நற்சான்று எழுதிப் பழகியவர்கள் அல்லமோ நாம்?

மற்போரின் முறைமையை அறியாதார்க்குச் சில சொற்கள். கிரேக்க-ரோமானிய வகையில் இடுப்புக்குக் கீழே பிடித்தல் கூடாது. பிரீஸ்டைல் வகையில் காலையும் பிடிக்கலாம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இவ்விரண்டாம் வகை மட்டுமே உண்டு. மூன்று நிமிடங்கள் கொண்ட இரு சுற்றுகள். எதிராளியின் தோளிரண்டையும் மெத்தையில் பதித்தால் அந்நொடியே வெற்றி. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1987-இல் நார்வேயில் நடந்தது. ஒலிம்பிக் கதவு திறக்க 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பல்கேரியா போன்ற சிறுநாடு இத்துறையில் எய்திய பெருமை வியப்புக்குரியது. அந்நாட்டின் ஸ்டான்கா ஸ்லாதேவா 2006-க்கும் 2011-க்கும் இடையே ஐந்துமுறை உலகப் பட்டம் வென்றவர். ஆயினும் 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக் இறுதிகளிலும் தோள்பதியத் தோற்று வெள்ளியோடு திரும்பினார். இத்துறை அவ்வளவு இரக்கமற்றது. ஐந்தாண்டு உழைப்பு ஒரு நொடியில் கவிழும்.

அதே நொடி சிலருக்கு வாழ்வும் தரும். 2016 ஆகஸ்டு 17, ரியோ டி ஜெனிரோ. சாக்ஷிக்கு 58 கிலோ பிரிவு. அதற்கு முன் அவர் பெற்றிருந்தவை 2014 காமன்வெல்த் விளையாட்டில் வெள்ளி, 2015 ஆசியப் போட்டியில் வெண்கலம் முதலானவை. உலகம் எதிர்பார்த்த பெயர் அன்று அது. முதலில் சுவீடன் நாட்டு மாட்சனை 5-4 என்று வென்றார். அடுத்து மால்டோவாவின் செர்திவாராவோடு 5-5 என்று சமநிலை. விதிப்படி வெற்றி சாக்ஷிக்கு. கால் இறுதியில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவா 9-2 என்று அவரைத் தோற்கடித்தார். அன்றே மற்றொரு பிரிவில் ஆடிய வினேஷ் போகாட் முழங்காலில் அடிபட்டுத் தூக்குப்படுக்கையில் கொண்டு செல்லப்பட்டார்.

மற்போரில் ஒரு விதி உண்டு. தம்மை வென்றவர் இறுதிப் போட்டிக்குச் சென்றால், தோற்றவர்க்கு வெண்கலத்துக்குப் போராட மறுவாய்ப்புக் கிட்டும். ஆகவே தம்மைத் தோற்கடித்தவரே வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டு காத்திருக்கும் விந்தையான நிலை. கோப்லோவா இறுதிக்குச் சென்றார். அங்கே ஜப்பானின் காவோரி இச்சோ அவரை வென்று, தொடர்ந்து நான்காவது ஒலிம்பிக் தங்கம் பெற்றது தனிக் கதை. மறுவாய்ப்புப் பெற்ற சாக்ஷி மங்கோலியாவின் ஒர்கோனை 12-3 என்று வீழ்த்தினார். இறுதியாக எதிரே நின்றவர் கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெக்கோவா. 2019-இல் உலகப் பட்டமும் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் பெற இருந்தவர் அவர். எளிய எதிராளி அல்லர்.

முதற்சுற்று முடிவில் புள்ளி 0-5. இந்தியா அந்த ஒலிம்பிக்கில் பன்னிரண்டு நாள்களாக ஒரு பதக்கமும் பெறவில்லை. மலேசியாவில் 18-ஆம் நாள் வைகறைப் பொழுது. பால்மரம் வெட்ட எழும் நேரம். இரண்டாம் சுற்றில் சாக்ஷி எதிராளியின் கால்களைப் பற்றத் தொடங்கினார். இடைவெளி சிறிது சிறிதாகக் குறைந்து ஐந்துக்கு ஐந்து ஆயிற்று. கடைசிப் பத்து விநாடிகளுக்குள் மீண்டும் கால்களைப் பற்றிச் சாய்த்தார். அது செல்லாது என்று கிர்கிஸ்தான் தரப்பு முறையிட்டது. வென்றாள் என்று ஒருசாரார், இல்லை என்று மறுசாரார். நடுவர்கள் ஒளிப்பதிவை மீண்டும் பார்த்தனர். முறையீடு தள்ளுபடியாயிற்று, அதற்கான தண்டப் புள்ளியும் சேர 8-5. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்திய மற்போர் வீராங்கனை என்று அவர் பெயர் எழுதப்பட்டது.

பதக்கத்துக்குப் பின்வந்த பாராட்டுகளை விரிக்க வேண்டியதில்லை. அவ்வாண்டே கேல் ரத்னா, மறு ஆண்டு பத்மஸ்ரீ. அதன்பின் வந்த சரிவே கூர்ந்து நோக்கத் தக்கது. 62 கிலோ பிரிவுக்கு மாறினார். தம்மினும் இளையவரான சோனம் மாலிக்கிடம் தகுதிப் போட்டிகளில் மீண்டும் மீண்டும் தோற்றார். டோக்கியோவுக்குச் சோனமே சென்றார்; சாக்ஷி வீட்டிலிருந்து பார்த்தார். அப்பிரிவில் பல்கேரியாவின் தைபே யூசேன் வெண்கலம் பெற்றார். முப்பதை நெருங்கும் வீராங்கனைக்கு அது முடிவென்றே பலரும் கருதினர். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் இறுதியில் கனடா வீராங்கனையிடம் 0-4 என்று பின்தங்கியிருந்து, எதிராளியின் தோள்களைப் பதித்துத் தங்கம் கொண்டார். பின்தங்கிய நிலையில்தான் இவருக்குக் கைகள் முழுவலிமை பெறும் போலும்.

அடுத்த போராட்டம் மெத்தையில் நடக்கவில்லை. 2023 சனவரி 18-ஆம் நாள் சாக்ஷி, வினேஷ் போகாட், பஜ்ரங் புனியா முதலியோர் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். இந்திய மற்போர்க் கூட்டமைப்பின் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளிடம் பாலியல் முறையில் தகாது நடந்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதனை முற்றாக மறுத்தார். ஏப்ரலில் மீண்டும் அமர்ந்தனர். வெயிலிலும் மழையிலும் தெருவிலேயே உறங்கினர். மே 28-இல், புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாளன்று, அதை நோக்கி நடந்தபோது காவலர் அவர்களைப் பிடித்து இழுத்துச் சென்றனர். இரு நாள் கழித்துப் பதக்கங்களைக் கங்கையில் விட அரித்துவார் சென்றனர். உழவர் தலைவர்கள் தடுத்துத் திருப்பினர். சூன் மாதத்தில் காவல்துறை குற்றப்பத்திரிகை அளித்தது. 2024 மே மாதத்தில் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளை வனைந்தது. தாம் குற்றமற்றவர் என்றே அவர் கூறினார். சிறுமி ஒருத்தி தொடர்பான தனி வழக்கு 2025-இல் முடித்து வைக்கப்பட்டது. தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் பள்ளிப் பருவத்தில் வாய்மூடி இருந்த ஒருவர், முப்பது வயதில் பிறர்க்காக வாய்திறந்தார் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளும். சாக்ஷி என்னும் வடசொல்லே தமிழில் சாட்சி என வழங்குகிறது. தன்வரலாற்றுக்கும் அவர் அப்பொருள்படும் ஆங்கிலப் பெயரையே சூட்டினார்.

அவ்வாண்டு டிசம்பர் 21-இல் நடந்த கூட்டமைப்புத் தேர்தலில், முன்னைத் தலைவருக்கு நெருங்கியவராகக் கருதப்பட்ட சஞ்சய் சிங் வென்றார். அன்று மாலையே தில்லியில் செய்தியாளர் கூட்டம். மற்போர் வீரர் ஓய்வு பெறும்போது தம் காலணிகளைக் கழற்றிக் களத்தின் நடுவில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வெளியேறுதல் உலக வழக்கு. கூடியிருப்போர் எழுந்து நின்று கைதட்டுவர். சாக்ஷிக்கு அன்று களம் இல்லை. ஒலிவாங்கிகள் நிறைந்த மேசைமீது தம் நீலக் காலணிகளை எடுத்து வைத்தார். கண்ணீரோடு எழுந்து, அவற்றை அங்கேயே விட்டுவிட்டுச் சென்றார். அப்போது அவருக்கு வயது 31.