குளிருக்கும் நாடி உண்டு

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமீது ஏறினால் காவலூர் வருகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரம். ஊட்டியையும் கொடைக்கானலையும் மனத்தில் வைத்துக்கொண்டு கம்பளியும் கையுமாகப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஆயினும் இமயத்தின் சிகரத்திலும் காணக் கிடைக்காத குளிரை ஒரு குடுவைக்குள் அடைத்து, அந்த ஊரில் வேலை வாங்கியிருக்கிறார்கள்! அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கும்பினியார் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வான ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார்கள். 1796 முதல் அங்கே சென்னையின் வானிலையை ஒழுங்காகக் குறித்து வந்தார்கள். அந்த நிலையத்தின் பரம்பரை 1899-ல் கொடைக்கானலுக்குச் சென்றது. பிறகு வைணு பாப்பு என்ற விஞ்ஞானி, நட்சத்திரங்களைப் பார்க்கத் தகுந்த இடம் தேடிக் காவலூரைக் கண்டுபிடித்தார். 1968-ல் அங்கே சிறிய தொலைநோக்கி ஒன்று வேலை செய்யத் தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் அகலமுள்ள கண்ணாடியுடன் இன்னொன்று வந்தது. 1986-ல் திறக்கப்பட்ட பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அதைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் நம்மவர்களே. பாவம், அந்தத் திறப்பு விழாவைக் காண பாப்பு உயிரோடு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். இன்று அந்தத் தொலைநோக்கி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

1977 மார்ச் 10-ந் தேதி இரவு யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் செல்ல இருந்தது. உலகில் பல இடங்களிலிருந்து அதைக் கவனித்தார்கள். காவலூரிலும் கவனித்தார்கள். கிரகம் வந்து மறைப்பதற்கு முன்பே அந்த நட்சத்திரம் சில விநாடிகள் மங்கிவிட்டுப் பழையபடி ஒளிர்ந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை அறிவித்த மங்கல் அது! அந்தச் சில விநாடிகளில் கருவி ஏதாவது பழுதாகி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாள் மெக்கானிக்கை அழைத்துப் பழுது பார்த்துவிடலாம். அந்த விநாடிகளைத் திரும்ப அழைக்க யாரால் முடியும்?

யந்திரங்களைப் பராமரிப்பதில் நம்மவர்களுக்குத் தெரிந்த வழி இரண்டு. ஓடுகிற வரையில் ஓடட்டும், நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. நின்றாலும் நிற்காவிட்டாலும், பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பதுபோல் தேதி வைத்துப் பிரித்துப் பூட்டுவது மற்றொன்று. இரண்டாவது வழி புத்திசாலித்தனமானது என்றுதான் வெகு காலம் நினைத்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் பழுதுக் கணக்குகளை ஆராய்ந்த வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர் விசித்திரமான ஓர் உண்மையைக் கண்டார். குறித்த கெடுவில் பிரித்துப் பார்த்து அனுப்பிய விமானங்களில், அந்தப் பரிசோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் அதிகம். நாளாக ஆகக் குறைந்து வந்தன! நன்றாக இருந்த உறுப்பைக் கழற்றி மாட்டியதே நோயாகிவிட்டது.

அப்படியானால் மூன்றாவது வழி என்ன? வைத்தியர் நாடி பார்ப்பதுதான். இப்போது அந்தக் குடுவைக்கு வருவோம். மங்கலான நட்சத்திர ஒளியைப் பிடிக்கும் மின்னணுச் சில்லு வெதுவெதுப்பாக இருந்தால், தன்னுடைய உஷ்ணத்தால் தானே பொய்க் குறிகளை உண்டாக்கும். ஆகவே அதைப் பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரி அளவுக்குக் குளிர வைக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் இதற்கு உதவுகிறது. குடுவையின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் குளிரைக் காப்பாற்றுகிறது. வெற்றிடம் நாளடைவில் கெடும். அப்போது குடுவை உடைவதில்லை, சத்தமும் போடுவதில்லை. முன்பு இரவு முழுவதும் தாங்கிய நைட்ரஜன், சற்று முன்னதாகவே வற்றத் தொடங்கும். நேற்றைய கணக்கை எழுதி வைத்தவனுக்கு மட்டுமே இன்றைய குறைவு தெரியும்.

எங்கோ இருக்கும் உஷ்ணத்தை வேறெங்கோ இருப்பவனுக்கு அறிவிக்கும் யோசனையும் புதிதல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் இருந்தார். வகுப்பறை சூடாக இருக்கிறதா, குளிராக இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளிச் சிப்பந்தி அடிக்கடி உள்ளே வந்து பாடத்தைக் குலைத்தான். ஜான்சன் ஒரு கருவி செய்தார். அறையின் உஷ்ணம் மாறினால் நிலவறையில் கொதிகலனுக்கு அருகே மணி அடிக்கும். 1883-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று ஆஸ்பத்திரிகளிலும் பெரிய ஜவுளிக் கடைகளிலும் உள்ள குளிர்சாதன யந்திரங்களின் உணர்கருவிகள் அந்த மணியின் பேரப்பிள்ளைகள்தாம். சுழலும் பாகத்தின் அதிர்வையும், மோட்டார் இழுக்கும் மின்சாரத்தையும், போகிற நீருக்கும் வருகிற நீருக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தையும் அவை இடைவிடாமல் அளந்து கம்பியிலும் கம்பியில்லாமலும் கணிப்பொறிக்கு அனுப்புகின்றன. உப்பு நீர் ஓடும் குழாயில் படிவு சேர்ந்தால் யந்திரம் அதே குளிரைத் தரக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் உழைக்கிறது. கடைக்கு வந்தவருக்கு ஒன்றும் தெரியாது, கணக்குக்குத் தெரிந்துவிடும்.

இத்துடன் முடித்துவிட்டால் கதை சுபம். ஆனால் சரித்திரம் விடவில்லை. போபாலில் யூனியன் கார்பைடு ஆலையில் விஷத் திரவத்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய யந்திரத்தை 1984-ம் வருஷ நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். குளிர் இல்லாததால் தொட்டியின் உஷ்ணம் எப்போதும் எல்லையைத் தாண்டியே இருந்தது. எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்குமே! அதற்காக அந்த மணியின் இணைப்பையும் எடுத்துவிட்டார்கள். டிசம்பர் 2-ந் தேதி இரவு தொட்டிக்குள் அழுத்தம் ஏறியபோது அதைக் காட்டிய கருவியை யாரும் உடனே நம்பவில்லை. அங்கே கருவிகள் பழுதாகியிருப்பதே வழக்கமாகிப் போயிருந்தது. விடிவதற்குள் அந்த நகரத்தின் தெருக்களில் மனிதர்கள் விழுந்து கிடந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

ஆகவே உணர்கருவிகளை ஆயிரம் பொருத்திவிட்டோம் என்று பெருமை பேசுகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: அவை சொல்வதை ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்பவர் யார்? கேட்டதும் எழுந்து போய்ப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டா? ஊர்ப் பெயரிலேயே காவல் இருக்கும் காவலூரில், உறங்காமல் வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் நன்றாக விளங்கும். நாடி பேசத்தான் செய்கிறது. அதன்மேல் விரல் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும்.