சென்னையின் அடையாளச் சின்னங்கள்

சென்னையின் அடையாளச் சின்னங்கள் என்பன, தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில் வரலாற்றுச் சிறப்பும் கட்டடக்கலைச் சிறப்பும் கொண்டு, பயணிகளால் பெரிதும் பார்வையிடப்படும் இடங்களைக் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை காட்சிக்கென ஒதுக்கப்பட்டவை அல்ல. இன்றும் அலுவலகமாகவோ நீதிமன்றமாகவோ வழிபாட்டிடமாகவோ பயன்பட்டு வருபவை. ஆதலால் சிலவற்றை வெளியிலிருந்து மட்டுமே காண இயலும். எனினும் இப்பயன்பாடே அவற்றுள் பலவற்றை இடிபடாமல் காத்து வந்துள்ளது.

கோட்டையும் கலங்கரை விளக்கங்களும்

1639 ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி கடற்கரையோரமாகச் சிறிதளவு நிலத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு அங்கே புனித ஜார்ஜ் கோட்டையின் கட்டுமானம் தொடங்கியது. நகரம் இக்கோட்டையைச் சுற்றியே வளர்ந்தது. தமிழ்நாடு சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இதனுள் இயங்குகின்றன. 2010இல் இவை ஓமந்தூரார் வளாகத்தில் எழுப்பப்பட்ட புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டு, 2011இல் மீண்டும் கோட்டைக்கே திரும்பின. அப்புதிய கட்டடம் பின்னர் மருத்துவமனையாக்கப்பட்டது. கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம் 1680இல் அருட்பொழிவு செய்யப்பட்டது. ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் இங்கு நடைபெற்றது.

கோட்டை அருங்காட்சியகம் அமைந்துள்ள கட்டடம் முன்பு வணிகர்கள் கூடும் இடமாக இருந்தது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல் இதன் கூரை மீதுதான் ஏற்றப்பட்டது. தேங்காயெண்ணெயே அதற்கு எரிபொருள். இரண்டாவது விளக்கம் 1844 முதல் ஒரு தனிக் கற்றூணில் எரிந்தது. கிரேக்க டோரிக் பாணியில் அமைந்த அத்தூண் உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கின்றது. 1892இல் இந்தோ-சரசனிக் பாணியில் செந்நிறக் கட்டடமாக உயர் நீதிமன்றம் எழுந்தபின், அதன் மிக உயர்ந்த கோபுரத்துக்கு 1894இல் விளக்கு மாற்றப்பட்டது. நீதிமன்றத்தின் உச்சியிலிருந்து கப்பல்களுக்கு வழிகாட்டும் இவ்வழக்கம் 1977 வரை நீடித்தது. அவ்வாண்டில் மெரினாவின் தென்பகுதியில் சிவப்பு, வெள்ளைப் பட்டைகளுடன் கூடிய இப்போதைய கலங்கரை விளக்கம் திறக்கப்பட்டது. பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த இது, 2013 நவம்பர் 14 அன்று மீண்டும் திறந்துவிடப்பட்டது. நான்கு விளக்கங்கள் இருந்த இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

முதலாம் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் நகரின் மீது குண்டு வீசியது. உயர் நீதிமன்ற மதிலில் உள்ள பலகை அதனை நினைவூட்டுகிறது.

மெரினா கடற்கரை

மெரினாவின் அகன்ற மணற்பரப்பு தொன்மையானதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்பட்டபின், தெற்கிலிருந்து அலைகளால் இழுத்து வரப்பட்ட மணல் மேலே செல்ல வழியின்றித் துறைமுகத்தின் தென்புறத்தில் தங்கிப் படிந்தது. அதே காரணத்தால் வடக்கே இராயபுரம் பகுதியில் கடல் அரிப்பு ஏற்பட்டது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் இங்கு உலாச்சாலை அமைத்தார்.

சாலையோரச் சிலைகளுள் பல, 1968ஆம் ஆண்டின் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்டவை. அவற்றுள் ஒன்றான கண்ணகி சிலை 2001இல் அகற்றப்பட்டுப் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. 2006இல் மீண்டும் வைக்கப்பட்டது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை இவற்றுக்கு முற்பட்டது. அண்ணா, ம. கோ. இராமச்சந்திரன், ஜெயலலிதா, மு. கருணாநிதி ஆகிய முன்னாள் முதலமைச்சர்களின் நினைவிடங்களும் இங்குள்ளன. சாலையின் எதிர்ப்புறத்தில் உள்ள விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டது. 1897இல் விவேகானந்தர் இங்குத் தங்கினார். நீரோட்டம் வலுவானது என்பதால் மெரினாவில் குளிப்பது ஆபத்தானது.

மயிலாப்பூர்

கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையில் இருந்ததாகவும், போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தபின் இப்போதைய இடத்தில் எழுப்பப்பட்டதாகவும் கருதப்படுகிறது. பங்குனியில் நடைபெறும் அறுபத்துமூவர் விழாவின்போது மாடவீதிகளில் பெருங்கூட்டம் கூடும். அருகில் சாந்தோம் பேராலயம் உள்ளது. இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை எனக் கருதப்படும் இடத்தின் மீது போர்த்துக்கேயர் எழுப்பிய தேவாலயத்துக்கு மாற்றாக, இப்போதைய கோத்திக் பாணிக் கட்டடம் 1896இல் நிறைவுற்றது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம்

1851இல் தொடங்கப்பட்டது. சோழர் காலச் செப்புத்திருமேனிகளுக்கும், ஆந்திராவின் அமராவதித் தூபியிலிருந்து கொண்டுவரப்பட்ட சுண்ணாம்புக்கல் சிற்பங்களுக்கும் புகழ்பெற்றது. மாணவர்கள் ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்க்க நேர்ந்தால் இதனைத் தேர்ந்தெடுக்கலாம்.

அழிவும் பாதுகாப்பும்

சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட், பழைய நூல்களுக்குப் பெயர் பெற்ற சந்தையாகும். 1985இல் அது தீக்கிரையானது. அவ்விடத்தில் இன்று புறநகர்த் தொடருந்து நிலையம் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபு கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மகால் 2012இல் எரிந்தது. அது மூர் மார்க்கெட்டைப் போல் மறைந்துவிடாமல், பழைய தோற்றத்திலேயே சீரமைக்கப்பட்டது.

அண்ணா சாலையிலுள்ள பாரத் காப்பீட்டுக் கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மருந்து வணிகருக்காகக் கட்டப்பட்டது. பின்னாளில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையான இதனை இடிக்கும் பணி 2006இல் தொடங்கியபோது, இன்டாக் அமைப்பு நீதிமன்றத்தை நாடியது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்புக்குத் தடை விதித்ததோடு, நகரின் மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் வழிமுறைகளையும் வலியுறுத்தியது. அத்தீர்ப்பை வழங்கிய நீதிமன்றமும் ஒரு மரபுக் கட்டடத்திலேயே இயங்குகிறது.