ஈசிஜி எடுத்தா ஷாக் அடிக்குமா? ஒரு குட்டி வரலாறு

போன மாதம் ஒரு நைட் டியூட்டி. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒரு அம்மா வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. மேல்வயிற்றில் எரிச்சல், உடம்பெல்லாம் வியர்வை. சோடா குடித்தும் அடங்கவில்லை.

"ஒரு ஈசிஜி எடுத்துடலாம்மா" என்றதும் கையை இழுத்துக்கொண்டார்.

"கேஸ்தான் சார். கரண்ட் எல்லாம் வைக்காதீங்க, ஷாக் அடிக்கும்."

சிரிக்காதீங்க மக்களே. கிட்டத்தட்ட இதே பயம் 1909-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது!

லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் 1887-இல் மனித இதயத்தின் மின்சாரத்தை, உடலைக் கீறாமல் வெளியிலிருந்தே முதன்முதலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். அவருடைய செல்ல நாய் ஜிம்மி. அதன் கால்களை உப்புத் தண்ணீர் ஜாடிகளில் நிற்கவைத்து எல்லோருக்கும் செய்து காட்டுவார்.

'நாயைக் கொடுமைப்படுத்துகிறார்கள், கழுத்தில் ஆணி வைத்த பட்டை வேறு' என்று நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தது. அமைச்சர் விளக்கினார்: அது பித்தளைக் குமிழ் பதித்த சாதாரண தோல் பட்டை, ஜாடியில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர்.

அப்போ கரண்ட்? அது இதயத்திலிருந்துதான் வருகிறது.

நம்ம ஆலங்காயத்துக்கு மேலே காவலூர் தொலைநோக்கி இருக்கே, அது நட்சத்திரத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. அங்கிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஈசிஜியும் அப்படித்தான். தோலுக்கு வந்து சேரும் இதய மின்சாரம் ஒரு வோல்ட்டில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. காய்ந்த தோல் அதைத் தடுக்கும், உப்புத் தண்ணீர் கடத்தும். இன்று நாங்கள் தடவும் ஜெல் செய்வதும் அதே வேலைதான்.

வாலரின் செய்முறையைப் பார்த்தவர்களில் ஒருவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன். 1901-இல் அவர் அறிவித்த கருவி பிறகு மருத்துவமனைக்கு உதவும் அளவுக்கு வளர்ந்தது. எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர்! நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீரில் வைத்து உட்காருவார். அந்தக் கருவியை நகர்த்த முடியாது என்பதால், 1905-இல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையிலிருந்து கம்பி வழியாகவே ஈசிஜியை வரவழைத்தார். இன்று நாங்கள் ஈசிஜியை போட்டோ எடுத்து இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப் செய்கிறோமே, அதற்கு முன்னோடி இவர்தான். 1924-இல் நோபல் பரிசு பெற்றார்.

கை-கை, வலது கை-கால், இடது கை-கால். இந்த மூன்று ஜோடிகள்தான் முதல் மூன்று 'லீட்'. லீட் என்பது ஒயர் இல்லை, இதயத்தைப் பார்க்கும் கோணம். மூன்று கோணம் போதவில்லை. மார்பிலும் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் ஆளுக்கொரு இடத்தில் வைத்தால் ஒருவர் எடுத்ததை இன்னொருவர் எடுத்ததோடு எப்படி ஒப்பிடுவது? 1938-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் இதய மருத்துவ சங்கங்கள் உட்கார்ந்து பேசி மார்பில் ஆறு இடங்களை முடிவு செய்தன. 1942-இல் கோல்ட்பெர்கர் கை கால்களிலிருந்தே இன்னும் மூன்று கோணங்களைச் சேர்த்தார். ஆக 10 எலெக்ட்ரோடு, 12 லீட்.

அந்த ஆறு இடங்களும் விலா எலும்பை எண்ணி வைக்க வேண்டியவை. முதல் இரண்டும் நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் இரு பக்கமும் வர வேண்டும். கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தால், வராத மாரடைப்பு வந்ததுபோல் தெரியலாம். கை ஒயர் மாறினாலும் படம் தலைகீழாகும். கூச்சப்பட்டுத் துணிக்கு மேலேயே ஒட்டச் சொல்லாதீர்கள். பெண் பணியாளர் வேண்டும், திரை வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அந்த அம்மாவுக்கு? ஜிம்மி கதையைச் சொன்னேன், கையை நீட்டினார். மார்பு லீட்களில் பெரிதாக ஒன்றுமில்லை. இதயத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கும் மூன்று லீட்களில் மட்டும் கோடு மேலே ஏறியிருந்தது. கேஸ் இல்லை, மாரடைப்பு. உடனே மாத்திரைகளைக் கொடுத்து 108-இல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

முதல் ஈசிஜி நார்மலாக வந்தாலும் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. வலி நிற்கவில்லையென்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும். "இருங்க, இன்னொன்னு எடுக்கலாம்" என்று சொன்னால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

ஷாக் அடிக்காது. சத்தியமா.