மாசு செய்த கருவியே மருந்தான வரலாறு

ஒரு தேவையைத் தீர்க்கும் கருவி புதியதொரு குறையையும் உடன்கொண்டு வருவது தொழில்நுட்ப வரலாற்றிற் பலகாலும் காணப்படுவதாகும். அக்குறைக்கான மாற்று அக்கருவியின் இனத்திலிருந்தே பிறப்பதும் உண்டு. மின்வலுவின் தரத்தைப் பேணும் உயிர்ப்பு வடிகட்டியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனம் உருவாக்கிய தைரிஸ்ரர் என்னும் குறைகடத்தி ஆளி, ஆலை மோட்டர்களைக் கட்டுப்படுத்தும் பணியை எளிதாக்கியது. ஆயின், அது ஆடலோட்டத்தை ஒவ்வொரு வட்டத்திலும் வெட்டியெடுத்தலின் அலைவடிவம் சிதைவுறுகின்றது. சிதைந்த அலையை அடிப்படை மீடிறனும் அதன் மடங்குகளும் கொண்ட சைன் அலைகளின் கூட்டாகக் காட்டும் முறைக்கு 1822இல் வெளிவந்த பூரியேயின் வெப்பக்கொள்கை நூல் அடிகோலியது. மடங்கு மீடிறனுடைய இவ்வலைகளே இசையங்கள் எனப்படுவன. 50 ஹேர்ட்ஸ் வலையமைப்பில் ஐந்தாம் இசையம் 250 ஹேர்ட்ஸ் ஆகும். இவை பிறந்த ஆலையோடு நில்லாது, அதே வழியில் மின்பெறும் அயலாரின் நிலைமாற்றிகளையும் மோட்டர்களையும் வெப்பமேற்றுகின்றன. ஒருவர் பெறும் வசதிக்கு மற்றொருவர் விலை கொடுக்க நேர்கின்றது.

தூண்டியும் கொள்ளளவியும் இணைந்த பழைய வடிகட்டி, குறித்த ஒரு மீடிறனுக்கே பொருந்துவது. வலையமைப்பு மாறின் பரிவுற்றுத் தீங்கும் விளைக்கும். இந்நிலையில், இசையத்திற்குச் சமனும் எதிருமான ஓட்டத்தைச் செலுத்தி அதனை அழிக்கும் எண்ணம் எழுந்தது. 1971இல் சசாக்கி, மச்சிடா ஆகியோர் காந்தப்பாயத்தை ஈடுசெய்யும் வழியை முன்வைத்தனர். 1976இல் கியூகி, ஸ்ரிக்குலா ஆகியோர், நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் இன்வேர்ட்டரைக் கொண்டு இப்பணியை ஆற்றும் அமைப்புகளை விளக்கினர். எனினும், உயர் வோல்ற்றளவைத் தாங்கும் அக்கால ஆளிகள் மந்தமானவை. விரைந்து மாறும் இசையங்களைப் பின்தொடர அவற்றால் இயலவில்லை.

இத்தடையைக் கடக்க இரண்டு தேவைப்பட்டன: தகுந்த அமைப்பு ஒன்று, கணிக்கும் கொள்கை மற்றொன்று. இரண்டும் யப்பானின் நகோக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தமை குறிப்பிடத்தக்கது. 1981இல் நாபே, தகாகசி, அகாகி ஆகியோர் மும்மட்ட இன்வேர்ட்டரை வெளியிட்டனர். நேரோட்ட வோல்ற்றளவை இரு கொள்ளளவிகள் பகிர, இருவாயிகள் வெளியீட்டை நடுப்புள்ளியோடு பிணைக்கும். ஒவ்வோர் ஆளியும் பாதி வோல்ற்றளவையே தாங்கும். படிகள் கூடுதலால், ஆளிகள் மெதுவாக இயங்கினும் அலை சைன் வடிவை நெருங்கும். 1983இல் அகாகி, கனசாவா, நாபே ஆகியோரின் கணநிலை வலுக் கொள்கை வெளிவந்தது. அது வலுவின் மாறாப் பகுதியையும் அலையும் பகுதியையும் பிரித்து, வடிகட்டி செலுத்தவேண்டிய ஓட்டத்தைக் கணத்துக்குக்கணம் அறிவித்தது.

பின்னர் படிகள் பெருகின. தனித்தனி நேரோட்ட மூலங்களையுடைய அலகுகளைத் தொடராக இணைக்கும் முறையில் ஐந்து அலகுகள் பதினொரு மட்டங்களைத் தரும். ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தின் பெங், லாய் முதலியோர் 1996இல் இம்முறையை எதிர்வினை வலுவை ஈடுசெய்யப் பயன்படுத்திக் காட்டினர். பருத்த நிலைமாற்றிகளின் தேவை இதனால் நீங்கியது. ஆயினும், கொள்ளளவிகளின் வோல்ற்றளவுகளைச் சமனிலையில் வைத்தல் என்னும் புதிய சுமை தோன்றியது.

அலையை வெட்டிச் சிதைத்ததும் குறைகடத்தி ஆளியே. அதனைச் செப்பனிடுவதும் அதுவே. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஆளியின் ஆற்றல் வளர்ந்தது உண்மையே. ஆயினும், ஆளிகளை அடுக்கும் முறையும் வலுவை நோக்கும் முறையும் மாறியிராவிடின் அவ்வளர்ச்சி மாத்திரம் போதியதாக இருந்திராது. கணிதத்தையும் பொறியியலையும் வெவ்வேறு துறைகளெனக் கருதிக் கற்போர் இவ்வரலாற்றை மனங்கொள்ளல் நன்று.