அரக்கும் மரப்பாலும்

பாண்டவரை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையின் கதையை நாம் அறிவோம். பினாங்கின் பழைய நாற்காலி மேசைகளுக்கு மெருகு தந்ததும் அதே அரக்குதான்.

1786இல் பிரான்சிஸ் லைட் ஜார்ஜ் டவுனை நிறுவினார். அடுத்த நூற்றாண்டில் துரைமார் வீடுகளில் ஐரோப்பிய பாணிச் சாமான்கள் நிறைந்தன. மெருகிடும் முறை அவர்களுடையது; மூலப்பொருளோ இந்தியாவினுடையது. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் கசியவிடும் பிசினே அரக்கு. ஒரு கிலோவுக்கு லட்சக்கணக்கான பூச்சிகள் வேண்டும்! அரக்கிலிருந்து சிவப்புச் சாயமும் எடுத்தார்கள். 1856இல் பெர்கின் செயற்கைச் சாயம் கண்டபின் அந்த வியாபாரம் படுத்தது. பிசின் மட்டும் நிலைத்தது. வானொலியில் முன்பு ஒலித்த 78 சுற்று இசைத்தட்டுகளிலும் இந்த அரக்கு உண்டு.

சீனரின் பழைய சாமான்களில் காணும் சிவப்பும் கறுப்பும் வேறு வகை. அது ஒரு மரத்தின் பால். பட்டையைக் கீறி வடிக்கிறார்கள். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சைப் பால் மேலே பட்டால் தோல் தடித்து அரிக்கும். விந்தை என்னவென்றால், அது ஈரக்காற்றில்தான் நன்கு இறுகும். 1906இல் கட்டி முடித்த கூ கொங்சியில் பொன் பூசிய மரச் செதுக்கல்களைப் பார்க்கலாம். சீன மரபில் பொன்தகடு ஒட்டவும் இந்தப் பாலே பசை.

இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனை நல்ல சாமான்களைக் கெடுத்துவிட்டோம்! ஓரம் சற்றுத் தேய்ந்தால் போதும், உப்புத்தாளால் முழுவதும் சுரண்டிச் சாயம் அடித்துவிடுகிறோம். அரக்கு மெருகுக்கு அது தேவையே இல்லை. மேசையின் அடிப்பக்கம், மறைவான ஓரிடத்தில், ஸ்பிரிட் நனைத்த துணியால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் அரக்குதான். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணி உருண்டையில் தோய்த்து, தேய்ந்த இடத்தில் மட்டும் மெல்ல மெல்லப் பல தடவை ஒற்றினால், புதியது பழையதைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடும். அடுப்பருகே மட்டும் வேண்டாம். அரக்கு மாளிகைக் கதையாகிவிடும்.

இறுகிய மரப்பால் ஸ்பிரிட்டுக்கு மசியாது. படலம் படலமாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகக் காத்திருக்க வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. பிற்காலத்து வார்னிஷ்கள் பலவும் அரக்கோடு சேராதவை. ஆனால் பழைய கிராணியார் மேசையில் சூடான தேநீர்க் கோப்பை வெள்ளை வளையம் பதித்திருந்தால், அது அரக்காக இருக்கக்கூடும். அதன்மேல் உப்புத்தாளை வைக்குமுன் அடிப்பக்கத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.