யார் தந்த நோய்?

1495! நேப்பிள்சு நகரை வென்ற பிரெஞ்சுப் படையினரிடையே புதியதொரு நோய் தலைகாட்டிற்று. சிபிலிஸ் எனும் மேகநோய் அது. "பிரெஞ்சு நோய்" என்றனர் இத்தாலியர். "நேப்பிள்சு நோய்" என்றனர் பிரெஞ்சுக்காரர். உருசியர் போலந்தின்மேல் பழிபோட்டனர். தமிழும் அதைப் "பறங்கிப்புண்" என்றழைத்தது. நோய் ஒன்று, பழியோ பல!

1905-இல் ஷவ்டின், ஹாஃப்மன் எனும் செருமானியர் இருவர் அந்நோயின் கிருமியைக் கண்டனர். 1943-இல் பெனிசிலின் அதைத் தீர்க்குமென்று மெய்ப்பிக்கப்பட்டது. கிருமிக்கு நாடில்லை, மதமில்லை, குலமில்லை என்று அறிவியல் காட்டிற்று. ஆயினும் பழிதேடும் புத்தி அகன்றதா?

இந்தப் புத்தி சட்டமாகவே வந்த கதையும் உண்டு. 1864-இல் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றிற்று. துறைமுகங்களிலும் படைவீரர் தங்கும் நகரங்களிலும், ஐயத்துக்குரியவள் எனக் காவலர் கருதும் பெண்ணைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தலாம், மறுத்தால் சிறை! அதே நோயைச் சுமந்த ஆணுக்கோ சோதனையில்லை. இதுவா நீதி? சோசபின் பட்லர் எனும் பெண்மணி கிளர்ந்தெழுந்தார்; 1886-இல் அச்சட்டம் வீழ்ந்தது.

நூறாண்டு கடந்தும் பாடம் படித்தோமில்லை. 1996-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ராக்டேல் வட்டத்துக் கான்யர்ஸ் நகரில், பள்ளிப்பருவத்தினர் 17 பேருக்குச் சிபிலிஸ் கண்டது. தொடர்புக்கு உள்ளானோரென 200க்கும் மேற்பட்ட இளைஞர்க்கு மருத்துவம் செய்யப்பட்டது. சேரியா அது? அன்று! வெள்ளையர் மிகுந்த, வசதி நிறைந்த புறநகர், தேவாலயங்களுக்கும் பஞ்சமில்லை. "ஏழைகளின் நோய், கறுப்பரின் நோய்" என்றிருந்தோர் வாயடைத்து நின்றனர்.

ஆராய்ந்தோர் கண்டதென்ன? மாளிகைகள் இருந்தன, பள்ளிவிட்ட நேரத்தில் அவற்றில் பெரியோரில்லை. தொலைக்காட்சி இருந்தது, மனம்விட்ட பேச்சில்லை. ஒரு குழுவின் இளைஞர் பலர் பலரோடு உறவுகொள்ள, ஒருவர் நோய் பலர் நோயாயிற்று.

வேலைக்குச் செல்லும் தாயே குற்றவாளி எனச் சிலர் உடனே தீர்ப்புரைப்பர். அதுவும் பழைய பழியின் புதிய வடிவே! தாய்க்கு மட்டுமா பிள்ளை? தந்தைக்கில்லையா பொறுப்பு? வறுமை நோயைப் பெருக்குவதும் உண்மையே. மருத்துவம் எட்டாத இடத்தில் நோய் வேரூன்றும். ஆனால் செல்வம் கவசமாகாது, பக்தியும் மருந்தாகாது.

கான்யர்சில் நோயைத் தடுத்தது எது? சாபமன்று, சவுக்கன்று. "யார் கெட்டவர்?" என்று கேளாமல், "இன்னும் யாருக்கு மருத்துவம் தேவை?" என்று நலத்துறையினர் தேடிச் சென்றதுதான்.

தோழர்களே! பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் நாம், உடலைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விக்கு முகஞ்சுளிக்கிறோம். வெட்கம் காக்குமென்று நம்புகிறோம். வெட்கம் காப்பது பிள்ளையை அன்று, கிருமியை! வீட்டிலே பேசுவோம், வகுப்பிலே விளக்குவோம். நோயுற்றவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் கரமாவோம். சுட்டிக்காட்டிப் பழிக்கும் விரலாக வேண்டாம்!