சுருட்ட மறந்த படம்

குடியாத்தத்தில் வாழ்ந்து மறைந்த எங்கள் பாட்டிக்கு ஒரே ஒரு நிழற்படம்தான் உண்டு. அதுவும் பிழையான படம். 1970களில் மாமா ஒருவர் ஆக்ஃபா கிளிக்-3 கருவியை இரவல் வாங்கி வந்து, முதலில் வீட்டிலிருந்த லுங்கித் தறியை எடுத்தார். சுருளைத் திருப்ப மறந்து, அதே சட்டத்தின்மேல் பாட்டியையும் எடுத்துவிட்டார். கழுவி வந்த படத்தில் பாவு நூல்கள் பாட்டியின் முகத்தினூடே ஓடின. அவர் இறந்தபோது அதைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். வேறு படம் இல்லை.

1857-58ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராகிய லின்னேயஸ் டிரைப், திருவரங்கம், மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். கருவியோ கனமானது, ஒளி பதிய நேரம் பிடித்தது. அசையாத கல்லே அதற்கு ஏற்ற பொருளாயிற்று. எளியோரின் முகம் படத்தில் ஏறக் கருவியின் விலை இறங்க வேண்டியிருந்தது. 1900இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் ஒரு டாலர் விலையில் 'பிரௌனி' என்னும் அட்டைப்பெட்டிக் கருவியை விற்றது. நம் நாட்டில் அவ்விடத்தை நிரப்பியவற்றுள் ஒன்று, பரோடாவின் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த கிளிக்-3. சுருளோ நம் நீலகிரியிலிருந்தே வந்தது. உதகையில் 1960இல் நிறுவப்பெற்று, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள் அது. அவ்வாலை இன்று மூடப்பட்டுவிட்டது. 1980களில் 'ஹாட் ஷாட்' என்னும் பிளாஸ்டிக் கருவி வந்தபின், பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல் ஷாப்பில் கூலிக்கு உழைத்தவர்கள் வீட்டுத் திருமணங்களும் படமாயின.

மாமா செய்த பிழையைப் பிறர் கலையாக்கினர் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். 1960களில் ஹாங்காங்கில் செய்யப்பட்ட 'டயானா', 1980களின் தொடக்கத்தில் அங்கேயே பிறந்த 'ஹோல்கா' ஆகிய இரண்டும் உடலும் வில்லையும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. படத்தின் நடுப்பகுதி தெளியும். ஓரங்கள் மங்கி இருளும். மூடியின் இடுக்கில் ஒளி கசியும். சுருளைத் திருப்புவதும் படமெடுப்பதும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாததால் ஒரு சட்டத்தில் எத்தனை படங்களும் எடுக்கலாம். நான்சி ரெக்ஸ்ராத் என்னும் அமெரிக்கப் பெண்மணி தம் இளமை நினைவுகளைத் தேடி டயானாவால் எடுத்த படங்கள் 1977இல் 'அயோவா' என்னும் நூலாயின. அவற்றுட் பல ஒஹாயோவில் எடுக்கப்பட்டவை! நினைவுக்கு ஊர் எல்லை ஏது? டேவிட் பர்னெட் ஹோல்காவில் எடுத்த அல் கோரின் தேர்தல் பரப்புரைப் படம் 2001இல் வெள்ளை மாளிகைச் செய்திப் படக்கலைஞர் சங்கத்தின் பரிசைப் பெற்றது.

மங்கலை விரும்பி வாங்குவோரைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர்களிடம் தெளிவான படங்களும் நூறு இருக்கும். பாட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அண்மையில் அண்ணன் மகன் கணினியில் நூல்களை நீக்கித் தருவதாகச் சொன்னான், நீக்கியும் காட்டினான். முகம் துலக்கமாகத்தான் இருந்தது. ஆயினும் நூலோடு நூலாகக் கண்ணோரச் சுருக்கங்களும் போய்விட்டிருந்தன. அக்கா அதை ஏற்கவில்லை. பழைய படமே சுவரில் இருக்கிறது.